சூட்டுச் சக்கரத்தில் ஊற்றிய தண்ணீர்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் கொடைக்கானலில் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தேன். மிஷன் பள்ளி வாத்தியார் ஒருவர் பழைய கார் வாங்கினார். மனைவி பஸ் நெரிசலில் படுகிற பாட்டைப் பார்த்துத்தான் வாங்கினார். முதன்முதலாகப் பழனிக்கு இறங்கும்போது என்னைத் துணைக்கு முன்சீட்டில் உட்காரவைத்தார்.

அந்த அம்மா பின்சீட்டிலிருந்து சொல்லிவிட்டார்: "இன்னைக்கு ஒரு தரம் நெஞ்சு பதறுச்சுன்னா, இனி எனக்கு பஸ்தான். கார நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க."

பெட்ரோல் மிச்சமென்று வாத்தியார் கியரை நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மட்டும் மிதித்து மிதித்தே உருட்டிக்கொண்டு வந்தார். பாதி மலையில் சக்கரம் தீய்ந்து நாறியது. ஓடையோரம் நிறுத்திச் சூட்டுச் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றுவது அந்தப் பாதையில் எல்லாருக்கும் பழக்கம். அவரும் வாளி வாளியாக ஊற்றினார். நான் தடுக்கவில்லை; நானும் அப்படிச் செய்கிறவன்தானே.

அடுத்த வளைவில் நனைந்த பிரேக் பிடிக்கவில்லை. பயத்தில் முழுப் பலத்தோடு மிதித்தார். திடீரென்று அது கவ்வ, சக்கரங்கள் சுழலாமல் நின்றுவிட்டன. வண்டி மட்டும் காலை மழையில் நனைந்த சாலையில் சறுக்கியது. ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் திரும்பவில்லை.

"கால எடுங்க சார். விட்டு விட்டு மிதிங்க" என்று கத்தினேன்.

எடுத்தார். சக்கரம் உருண்டது, வண்டி திரும்பியது. கல்சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

"நீங்க பாடம் படிக்க என் உசுருதான் கெடச்சுச்சா?" என்றார் அம்மா.

இன்றைய ஏ.பி.எஸ். பிரேக் செய்வதும் அதே சோலிதான். சக்கரம் பூட்டிக்கொள்ளப் போவதை சென்சார் கண்டுகொள்ளும்; உடனே பிரேக் அழுத்தம் நொடிக்குப் பல தடவை தளர்ந்து இறுகும். பிரேக் மிதி காலடியில் துடிக்கும். அதில் விட்டு விட்டு மிதிக்கக் கூடாது, அழுத்தியே வைக்க வேண்டும். பதறாத காரியம் சிதறாது என்பார்களே, அதுதான். வண்டியைக் கிளப்பிய பிறகும் ஸ்டியரிங்குக்கு முன்னால் உள்ள ஏ.பி.எஸ். விளக்கு அணையவில்லை என்றால் சாதாரண பிரேக் பெரும்பாலும் பிடிக்கும். ஆனால் சறுக்கலுக்குக் காவல் இல்லை. ஃபியூஸ் போயிருக்கிறதா, சென்சாரில் சேறு இருக்கிறதா என்று பாருங்கள். சிவப்பு பிரேக் விளக்கும் எரிந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

பிரேக்கின் ஈரம் காயும்வரை நின்று, பிறகு என்ஜினே வேகத்தை இழுத்துப் பிடிக்கும்படி இரண்டாவது கியரிலேயே பழனிக்கு இறங்கினோம். சாயங்காலம் மலைக்குத் திரும்பும் நேரத்தில் வாத்தியார் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஒன்னைய பஸ் ஸ்டாண்டுல எறக்கிவிடவா?"

அம்மா கார்க் கதவைத் திறந்தார். "ஏத்தத்துல என்ன பயம்? போறப்ப கார்தான். எறக்கத்துக்குத்தான் பஸ்."