அப்பாவின் மைக்

“பேண்டு செட்டை ஒண்ணா வாசிக்க விட்டு உன்னால எடுக்க முடியாதும்மா. ஒவ்வொருத்தரா இங்க கூட்டிட்டு வா, தனித்தனியா எடுத்துத் தாரேன்” என்றார், விளாங்குடியில் நான் வேலை பார்க்கும் ரெக்கார்டிங் ஸ்டுடியோவின் முதலாளி.

“முடியும்ணே” என்றேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். முடியாது என்று யார் சொன்னாலும் எனக்குக் கழுத்து நிமிர்ந்துவிடும்.

அப்பா பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதுகிறவர். சர்க்கரையால் ஈறு கெட்டு, மேல்வரிசை முன்பற்கள் நான்கும் ஆடிக்கொண்டிருந்தன. திங்கட்கிழமை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டிரம்பெட்டை உதட்டில் அழுத்தினால் பின்னால் தாங்குவதற்குப் பல் வேண்டும். இனி ஊத முடியுமோ முடியாதோ. அதற்குள் ஒரு தடவையாவது அவர் ஊதுவதை நன்றாகப் பதிந்து வைத்துவிட நினைத்தேன். வீட்டில் இருந்ததெல்லாம் கல்யாண வீடுகளில் யாரோ போனில் எடுத்த, வேட்டுச் சத்தத்துக்கு நடுவே கேட்கும் துண்டுகள்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அவனியாபுரத்தில் லீவு விட்டிருந்த ஒரு லேத் பட்டறையில் செட்டுக்காரர்கள் ஐந்து பேரையும் இடைவெளி விட்டு நாற்காலியில் உட்கார வைத்தேன். தகரச் சுவரெல்லாம் போர்வை தொங்கவிட்டிருந்தேன். ஆளுக்கொரு மைக். ஐந்து பேரின் சத்தமும் ஐந்து தனிக் கோடுகளாகக் கம்ப்யூட்டருக்குள் போகும்; பிறகு வேண்டியதைக் கூட்டலாம், குறைக்கலாம்.

“என்ன மாப்ள, பட்டிமன்றத்துக்கு உக்கார வச்ச மாதிரியில்ல இருக்கு” என்றார், பெரிய டிரம் அடிக்கும் மாமா.

“நீ எந்த அணின்னு சொல்லிட்டு அடி” என்றார் அப்பா.

தலைக்கு மேல் ஒரு விமானம் இறங்கிப் போகும்வரை காத்திருந்து, கையைக் காட்டினேன்.

முதல் பாட்டு சரியாக வரவில்லை. உட்கார்ந்து ஊத அப்பாவுக்கு மூச்சு முட்டியது. இரண்டாவது, மாப்பிள்ளை ஊர்வலத்தில் வாசிக்கிற பாட்டு. பாதியில் அப்பா எழுந்தார். நடந்தார். ஆயுசெல்லாம் தெருவில் நடந்துகொண்டே ஊதியவர், கண்ணை மூடிக்கொண்டு பெரிய டிரம் பக்கம் போய், அங்கேயே நின்றுவிட்டார். திரையில் அவருடைய கோடு மெலிந்து நூலானது. நான் வாயைத் திறந்தால் என் குரலும் பதியும். கையை ஆட்டினேன். பாராட்டுகிறேன் என்று நினைத்து மாமா சிரித்தார்; இன்னும் ஓங்கி அடித்தார். எழுந்து போய் அப்பாவை இழுத்து வந்திருக்கலாம். ஆனால் அவர் அப்படி ஊதி நான் கேட்டதே இல்லை. உட்கார்ந்தே இருந்தேன்.

முடிந்ததும் துண்டால் வாயைத் துடைத்தார். துண்டில் ரத்தம்.

“இனி முடியாதுத்தா. பதிஞ்சிருச்சுல்ல?”

“பதிஞ்சிருச்சுப்பா.”

சாயங்காலம்வரை கம்ப்யூட்டர் முன்னால் இருந்தேன். அப்பா இருந்தது டிரம்முக்கு வைத்த மைக்கில். அதைக் கூட்டினால் டிரம் அவரை அடித்து மூடியது. குறைத்தால் அவரும் போனார். அவருடைய மைக்கிலோ, யாரோ அடுத்த தெருவில் ஊதுவது போலிருந்தது. அப்பா இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தார். “இன்னும் வேலை இருக்குப்பா” என்றேன்.

திங்கட்கிழமை காலை அம்மா அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். நான் ஹார்ட் டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு விளாங்குடி பஸ் ஏறினேன்.

முதலாளி டீ குடித்துக்கொண்டிருந்தார். டிஸ்க்கை அவர் மேசையில் வைத்து, “என்னால முடியலண்ணே” என்றேன்.