மலையேறிய வரிசைத் தட்டு

என் அண்ணி மலர்விழிக்குக் கல்லென்றால் பைத்தியம். திண்டிவனத்தில் ஜவுளிக்கடை வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் பெருமுக்கல் மலை. குடும்பம் குடும்பமாக ஆட்களை மேலே கூட்டிப்போய்க் கோயில் கல்வெட்டை வாசித்துக் காட்டுவாள். ஆதி மனிதர்கள் பாறையில் கீறிவைத்த உருவங்களைக் காட்டுவாள். வரலாறு படித்தவள் வேறு என்ன செய்வாளாம்! நான் நாத்தனார், கிண்டல் செய்வது என் உரிமை.

சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கார்கள் வந்தன. அடிவாரத்திலேயே இருக்கும் எங்கள் தெருவிலிருந்து ஈ காக்கை கூட வரவில்லை. ஒருநாள், காரில் வந்த சிறுமி ஒருத்தி, உங்க ஊர்ப் பிள்ளைங்க யாருமே வரலியா ஆன்ட்டி என்று கேட்டுவிட்டாள். அன்றைக்கு அண்ணி சோற்றில் கை வைக்கவில்லை.

"நம்ம சனத்துக்குச் சொல்லாத கதைய ஊருக்கெல்லாம் சொல்லிக்கினு திரியறேன். வர்ற ஞாயித்துக்கெழமையும் நம்ம தெரு வரலன்னா, இதோட விட்டுடறேன் வேணி" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது.

"யார் வூட்டுக்குப் போய்க் கூப்ட்டீங்க அண்ணி?"

வாட்ஸ்அப்பில் போட்டாளாம். சுவரில் நோட்டீசு ஒட்டினாளாம். வந்ததே எனக்குக் கோபம்! காதுகுத்துக்கு நோட்டீசு ஒட்டினால் எவராவது வருவார்களா? குங்குமமும் வெற்றிலை பாக்கும் வைத்த தட்டோடு வாசலில் நின்று அழைத்தால்தான் எங்கள் தெருவில் அது அழைப்பு. இதே தெருவில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது மறந்துபோனதுதான் என் ஆத்திரம்.

அந்த வாரம் முழுக்கத் தட்டும் கையுமாக ஒரு வீடு விடாமல் போனோம். நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண்களைத் திரட்டிக்கொண்டு போகும் சின்னபொண்ணு அத்தை, குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு, என்ன விசேஷம் என்று கேட்டாள். நம்ம மலையைப் பார்க்க என்றாள் அண்ணி. அத்தை வெற்றிலையை எடுத்து மடியில் முடிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஞாயிறு காலை அடிவாரத்தில் கார்க்காரர்கள் மட்டும் நின்றார்கள். அந்தச் சிறுமியும் மறுபடி வந்திருந்தாள். அண்ணியின் முகம் செத்துப்போயிருந்தது. சரி, ஏறலாம் என்று அவள் திரும்பியபோது தெருமுனையில் நாதஸ்வரம் கேட்டது. யாரோ செல்போனில் போட்டுவிட்டிருந்தார்கள். பின்னாலேயே தெரு மொத்தமும் வந்தது. பட்டுப்புடவை, தலைநிறையப் பூ, இடுப்பில் குழந்தை, கையில் தட்டு. தட்டில் பழமும் சர்க்கரையும், வேர்க்கடலையை வறுத்துப் பிடித்த மல்லாட்டை உருண்டையும். வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால் வெறுங்கையோடு வரமுடியுமா? இதை நானே யோசிக்கவில்லை!

தட்டோடேயே மலையேறினார்கள். அண்ணி குரல் நடுங்க ஆரம்பித்து, போகப்போக வெளுத்து வாங்கினாள். பாறையில் இருந்த உருவங்களைப் பிள்ளைகள் காற்றில் விரலால் வரைந்து பார்த்தார்கள். ஆடு மேய்த்த இடத்தில் இத்தனை விஷயமா என்று பெண்கள் மாய்ந்துபோனார்கள்.

கடைசியில்தான் குழப்பம். கொண்டுவந்த வரிசைத் தட்டுகளை எங்கே வைப்பது? சாமிக்கா, பாறைக்கா?

"கூப்ட்டவளுக்குத்தான் வரிசை. ஒக்காருடி" என்றாள் சின்னபொண்ணு அத்தை.

அண்ணியை உட்காரவைத்துக் குங்குமம் வைத்தார்கள். அவள் முன்னால் தட்டுகள் நிறைந்தன. அவள் அழுதாள். நானும்தான், எனக்கென்ன வெட்கம்.

மல்லாட்டை உருண்டையைக் கடித்துக்கொண்டே அந்தச் சிறுமி கேட்டாள்: "இவங்கல்லாம் யாரு ஆன்ட்டி?"

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்க ஊரு" என்றாள்.