கால்வாசிக் கணக்கு

அணுமின் நிலையத்தில் அவருக்குக் 'கால்வாசி' என்று பெயர். உலைக்குள் எந்த எரிபொருள் கட்டு எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று கம்ப்யூட்டரில் திட்டம் போடுவது அவர் வேலை. முழு உலையையும் கொடுத்தால் அந்தப் பெட்டி ஐந்து மணி நேரம் மென்றுகொண்டிருக்கும். நான்கு கால்பகுதிகளும் அச்சு அசலாக ஒன்றுதானே என்று ஒன்றை மட்டும் கொடுப்பார். ஒரு மணி நேரத்தில் விடை வந்துவிடும். நாயாய்ப் பேயாய் அலைந்து வாங்கிய பெட்டி. "ஒரு தப்பு வந்தாலும் திருப்பி அனுப்பிடுவேன்" என்று சொல்லித்தான் மேலாளர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

இது ஏழாவது திட்டம். நிறுத்தி வைத்திருந்த உலையில் பகல் இரண்டு மணிக்குக் கட்டுகளை இறக்க வேண்டும். பதினோரு மணிக்கு எரிபொருள் கிடங்குக்காரர் அவருடைய திட்டப் படத்தோடு வந்து நின்றார்.

"சார், போன தடவ ஒரு கட்டு கசிஞ்சுதுன்னு அத மட்டும் எடுத்துட்டு வேற வச்சோமே, ஞாபகம் இருக்கா? வச்சது அவ்வளவா எரியாதது. நீங்க நாலு பகுதியையும் ஒரே மாதிரி போட்டிருக்கீங்க?"

அவர் படத்தை வாங்கிப் பார்த்தார். அந்தக் கட்டு இருந்தது கம்ப்யூட்டருக்கு அவர் காட்டாத பகுதியில். குறைவாக எரிந்த கட்டு என்றால் அங்கே சூடு கூடும். எவ்வளவு கூடும்? வாயை மூடிக்கொண்டால் பெட்டி தப்பும். ஆனால் வேலிக்கு அந்தப்பக்கக் குடியிருப்பில் மனைவியும் மகளும் இருக்கிறார்கள். மேலாளர் அறைக்குப் போனார்.

"நிறுத்தணும் சார். என் தப்புதான். அஞ்சு மணி நேரம் குடுங்க."

மேலாளர் முறைத்தார். "நிறுத்துறேன். பெட்டிய என்ன பண்றதுன்னு அப்புறம் பாக்கலாம்."

உலையில் எந்த இடத்திலும் சூடு சராசரியைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டக்கூடாது. பழைய கணக்கில் 1.46 வந்திருந்தது. இந்த முறை முழு உலையையும் கொடுத்துவிட்டு, சாப்பாட்டைத் தொடாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலரை மணிக்கு 1.53 என்று வந்தது.

எட்டிப் பார்த்த மேலாளர் திரையில் இருந்த எண்ணை இரண்டு முறை படித்தார். பிறகு, "தப்பக் கண்டுபிடிச்சதும் பெட்டிதான், இங்கேயே இருக்கட்டும். வேற திட்டம் போடுங்க" என்றார்.

போன உயிர் திரும்பி வந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். ஒரு வாய் வைப்பதற்குள் ஞாபகம் வந்தது. பக்கத்து உலை அவருடைய ஆறாவது திட்டப்படி ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் கால்வாசிக் கணக்கு.

கிடங்குக்குப் போன் போட்டார். "பக்கத்து உலையில எப்பவாவது ஒரே ஒரு கட்ட மட்டும் மாத்தியிருக்கோமா?"

"மாத்தின மாதிரிதான் இருக்கு சார். பழைய நோட்டப் பாத்துச் சொல்றேன், இருங்க."

டப்பாவை மூடிவிட்டு, போனைக் காதிலிருந்து எடுக்காமல் அவர் காத்திருந்தார்.