மிஸ்ரர் எட்டோரேக்கு நினைவில்லாத கோல்

கடந்த செவ்வாய்க்கிழமை காலை சிட்னியில் வென்ட்வேர்த்வில் ஸ்ரேஷனுக்குப் பக்கத்துக் கடையில் இடியப்பப் பார்சலுக்காக நின்றுகொண்டிருந்தபோது எட்டோரேயின் மனைவி லூச்சியா அழைத்தார். "எட்டோரே போய்விட்டார்" என்றார். அழவில்லை. அழ வேண்டியதையெல்லாம் முன்பே அழுது முடித்துவிட்ட குரல் அது. பார்சலை வாங்காமலே வெளியே வந்து காருக்குள் இருந்தேன்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் செய்தியைப் போட்டேன். கூப்பிய கைகள் வரிசையாக வந்தன. மதியத்துக்குள் சங்கத் தலைவர் குணம் அங்கிளின் அறிவித்தலும் வந்தது. எங்கள் உதைபந்தாட்ட அணியின் முன்னாள் பயிற்சியாளர் அமரர் எட்டோரே அவர்களின் நினைவாக, வருகிற ஞாயிற்றுக்கிழமை சுற்றுப்போட்டியில் தலையால் அடிக்கப்படும் சிறந்த கோலுக்கு நினைவுக் கேடயம் வழங்கப்படுமாம். கூடவே யூரியூப்பிலிருந்து ஒரு பழைய காட்சி. மழை பெய்யும் மைதானம், இளைஞன் எட்டோரே இரண்டு பேருக்கு மேலே எழும்பித் தலையால் அடிக்கிறான், கோல். அதைப் பார்த்ததும் போனைப் பக்கத்து ஆசனத்தில் எறிந்தேன். இதை எழுத உட்கார வைத்தது துக்கம் மட்டுமில்லை, கோபமும்தான். அந்தக் கேடயத்தைக் கொடுக்கக் கூடாது. ஏன் என்பதை அவரோடு ஆடியவர்களுக்கும், அவரைத் திட்டியவர்களுக்கும், அவரைத் தெரியாதவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

அவரை நான் சந்தித்தது என் வீட்டுக் குளியலறையில். ரைல்ஸ் பதிக்க வந்திருந்தார். வாசலில் கிடந்த என் பூட்ஸைப் பார்த்துவிட்டு, எந்த இடத்தில் ஆடுகிறாய் என்று கேட்டார். பின்வரிசை என்றேன். "அதுதான் பூட்ஸ் இவ்வளவு புதிதாக இருக்கிறது" என்றார். வந்த ஆளுக்கு வாயைப் பார் என்று எனக்குச் சுருக்கென்றது. ஆனால் தேநீர் குடிக்கும்போது தான் இத்தாலியில் தொழில்முறையாக ஆடியதைச் சொன்னார். அடுத்த சனிக்கிழமை பயிற்சிக்கு வந்து மைதானத்தின் ஓரத்தில் நின்றார். அதற்கடுத்த சனிக்கிழமை உள்ளே வந்து எங்களை ஏசத் தொடங்கினார். இத்தாலியில் பயிற்சியாளரை மிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்களாம். எங்கள் வாயில் அது மிஸ்ரர் ஆகி நிலைத்துவிட்டது. அவர் பேசியது இத்தாலியச் சாயல் ஏறிய ஆங்கிலம். இங்கே தமிழில் தருகிறேன்.

வட இத்தாலியில் ஒரு சிறு நகரத்துப் பிள்ளை. நடுக்கள ஆட்டக்காரர். பெரும்பாலும் இரண்டாம் பிரிவில் ஆடினார். முதற்பிரிவில் ஆடியது கொஞ்சக் காலம்தான். எதிரணிக் கோல்காப்பாளர் உயர உதைக்கும் பந்தை நடுக்களத்தில் நின்று தலையால் திருப்பி அனுப்புவது அவருடைய வேலை. பெருமை வேறு யாருக்கோ போகும். "நல்ல நடுக்கள ஆட்டக்காரன் ஓட்டலில் சமைக்கிறவன் மாதிரி. சாப்பாடு கெட்டால்தான் அவனைத் தேடுவார்கள்" என்பார். முழங்கால் கெட்ட பிறகு மாமன் ஒருவரை நம்பி மெல்பேணுக்கு வந்து, அங்கே இத்தாலியர் கழகமொன்றில் ஆடிக்கொண்டே பயிற்சியும் கொடுத்தார். அந்தக் கழகம் கலைந்த பிறகு பகலில் ரைல்ஸ், மாலையில் யார் கூப்பிட்டாலும் பயிற்சி. கடைசியில் மகளுக்குப் பின்னால் சிட்னிக்கு வந்து கெல்லிவில்லில் குடியிருந்தார்.

அந்த யூரியூப் காட்சியை முதலில் கண்டுபிடித்தவர்கள் எங்கள் ஆட்டக்காரர்கள்தான். ஒரு நாள் பயிற்சி முடிந்து எல்லாரும் அவரைச் சூழ்ந்துகொண்டு போனில் போட்டுக் காட்டினார்கள். மிஸ்ரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அமைதியாகப் பார்த்தார். "இந்தக் கோலை நான் பார்த்திருக்கிறேன்" என்றார். "போட்டதில்லை." எல்லாரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அந்த ஆட்டத்தின் முதற்பாதியில் தலையோடு தலை மோதி மயங்கி விழுந்தாராம். மூக்கில் எதையோ பிடித்து எழுப்பி, முகத்தில் தண்ணீர் அடித்து, திரும்பவும் உள்ளே தள்ளியிருக்கிறார்கள். கோல் விழுந்தது அதற்குப் பிறகு. அவருக்கு நினைவு திரும்பியது வீட்டுக்குப் போகிற பஸ்ஸில். சக ஆட்டக்காரர்கள் முதுகில் தட்டித் தட்டி வாழ்த்தினார்களாம். எதற்கென்று அவருக்குத் தெரியவில்லை.

அதனால்தான் பயிற்சியில் தலையால் அடிக்கவே கூடாது என்று அவர் விதி போட்டார். ஆட்டத்தில் தவிர்க்க முடியாவிட்டால் மட்டும். எங்கள் ஆட்களுக்கு அது பெரும் பகிடியாகப் போய்விட்டது. குணம் அங்கிள் ஒரு சனிக்கிழமை மைதானத்துக்கே வந்துவிட்டார்.

"தம்பி, தலையால அடிக்காமல் என்ன புட்போல்? எங்கட பள்ளிக்கூடம் பேரெடுத்ததே தலையாலதான். இந்த மனுசனுக்கு நீர் சொல்லும்."

நான் சொன்னேன். மிஸ்ரர் குணம் அங்கிளைப் பார்த்து, "நடுக்களத்தில் எனக்கு இடப்பக்கம் ஆடியவனுக்கு இப்போது மனைவியின் பெயர் தெரியாது. வலப்பக்கம் ஆடியவன் செத்துவிட்டான். சாகும்போது தன் பெயரே தெரியாமல் செத்தான். நடுவில் நின்றவன் நான்" என்றார். குணம் அங்கிள் தலையாட்டிவிட்டுப் போனார். விளங்கியதென்று நான் நினைத்துக்கொண்டேன்.

எங்கள் சுற்றுப்போட்டியின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஊரில் அந்தந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும்தான் அந்தப் பெயரில் ஆடலாம். மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு உள்ளே நிற்கும் உரிமையும் அவர்களுக்குத்தான். வருடம் முழுக்க எங்களோடு மழையில் நனைந்த மிஸ்ரர், போட்டியன்று கயிற்றுக்கு வெளியே, கொத்துரொட்டிக் கடைக்குப் பக்கத்தில், மடக்குக் கதிரையில் இருப்பார். அங்கிருந்து கையால் சைகை காட்டுவார். ஆடுவதை விட்டு மனேஜராகிவிட்ட நான் உள்ளே கத்துவேன். "வத்திக்கானுக்குள்கூட என்னை விட்டார்கள்" என்று ஒருமுறை சொன்னார். அதற்கு மேல் முறைப்பட்டதில்லை.

கடைசியாக அவர் பயிற்சி கொடுத்த வருடம் நாங்கள் இறுதியாட்டத்துக்கு வந்தோம். நடுக்களத்தில் ஜெயந்தன். லொறி ஓட்டுகிறவர், மிஸ்ரரிடம் அதிகமாக ஏச்சு வாங்கியவரும் அவர்தான். ஒரு உயரப் பந்துக்கு எழும்பியபோது எதிராளியின் தலை அவருடைய நெற்றிப்பொட்டில் மோதியது. விழுந்தவர் எழும்பி, "ஒண்டுமில்லை அண்ணை, விளையாடுவன்" என்றார். சனம் கைதட்டியது. சற்றுக் கழித்து என் பக்கமாக ஓடி வந்தவர் மெதுவாகக் கேட்டார்: "அண்ணை, இது எந்த மட்ச்?"

ஆளை மாற்றச் சொல்லி நான் கத்தினேன். குணம் அங்கிள் என் கையைப் பிடித்தார். "இன்னும் கொஞ்ச நேரம்தானே, விடும். அவன் இல்லாட்டில் நடுவில ஓட்டையெல்லே."

அப்போதுதான் மிஸ்ரர் கயிற்றைத் தாண்டினார். கெட்ட முழங்காலோடு நொண்டி நொண்டி நடு மைதானத்துக்குப் போய்ப் பந்தைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "இவனை வெளியே எடுங்கள். பிறகு பந்தைத் தருகிறேன்." நடுவர் எச்சரித்தார், சனம் கூவென்று கத்தியது, எங்கள் சங்கத்து ஆட்களே அவரைப் பிடித்து இழுத்தார்கள். அவர் அசையவில்லை. விதிப்படி எதிரணி வென்றதாக அறிவித்தார்கள். கோப்பையை அவர்கள் தூக்கிக்கொண்டிருந்தபோது ஜெயந்தன் வாந்தியெடுத்துச் சரிந்தார். அன்று பின்னேரமே அவருடைய மண்டையைத் திறந்து இரத்தக் கட்டியை எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் ஆள் இல்லை என்று டாக்டர் சொன்னதை நானே கேட்டேன்.

அடுத்த வாரச் சங்கக் கூட்டத்தில் ரோல்ஸுக்கும் தேநீருக்கும் நடுவே குணம் அங்கிள் தீர்ப்புச் சொன்னார். "அவர் செய்தது சரிதான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் கயிறு தாண்டினது பிழை. வெளியாளெல்லே." அவரை நிறுத்துவதென்று முடிவாகியது. அந்தக் கூட்டத்தோடு மனேஜர் வேலையை நானும் விட்டேன். முடிவை மிஸ்ரருக்கு நேரில் சொல்லும் மரியாதைகூட ஒருவருக்கும் இருக்கவில்லை. அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை என்று தெரிந்து நான் மைதானத்துக்கு ஓடியபோது, அவர் பயிற்சிக்கு வைக்கும் தன் கோன்களை அடுக்கி வைத்துவிட்டு, புதுப் பயிற்சியாளர் ஓடவைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோன்களைக் காரில் ஏற்றி அவரை வீட்டுக்குக் கூட்டிப் போனேன். வழியில் ஜெயந்தனைப் பற்றி மட்டும் விசாரித்தார்.

பிறகு மறதி நோய் தொடங்கியது. தலையால் அடித்த பந்துகள்தான் காரணம் என்று எந்த டாக்டரும் அடித்துச் சொல்லவில்லை, இருக்கலாம் என்றார்கள். மிஸ்ரருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. "டாக்டர் நோய்க்கு ஒரு பெயர் சொன்னான், மறந்துவிட்டேன்" என்று முதலில் பகிடி விட்டார். போகப்போகப் பகிடியும் நின்றது. மகள் வீட்டுக் குசினியில் தானே பதித்த ரைல்ஸை, எவனோ கோணலாகப் பதித்திருக்கிறான் என்று சுத்தியலால் உடைத்தார். ஒரு நாள் போனபோது லூச்சியாவின் கை நீலமாகக் கன்றியிருந்தது. "அவர் இல்லை, அவருடைய தலை" என்றார் லூச்சியா. கதவுக்கு இலக்கப் பூட்டுப் போட்ட முதியோர் இல்லத்துக்கு அவரைக் கொண்டுபோய் விட்ட அன்று, கையொப்பம் வைத்துவிட்டு லூச்சியா வாகனத் தரிப்பிடத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கேடயச் செய்தி வந்த பின்னேரமே குணம் அங்கிளுக்குப் போன் எடுத்தேன்.

"தம்பி, என்ன மாதிரி ஒரு கோல்! அவருக்கு மரியாதைதானே செய்யிறம்" என்றார்.

"அங்கிள், அந்தத் தலையடிதான் அவரைக் கொண்டுபோனது. உங்களுக்கு நேரிலேயே சொன்னவரெல்லோ?"

"கேடயம் ஓடர் குடுத்தாச்சே" என்றார். பிறகு, பெரிய மனது பண்ணுகிறவர் போல, "சரி, அவற்ற பேரை எடுக்கிறம். கேடயம் இருக்கட்டும். பொடியளுக்கு ஒரு உற்சாகம் வேணுமெல்லே" என்றார்.

ஆக, பெயர் தப்பியது. தலைகள் தப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆடப் போகிறவர்களின் தாய் தகப்பனும் மனைவிமாரும் இதை வாசித்தால், அந்தக் கேடயத்தை யாரும் வீட்டுக்குக் கொண்டுவர விடாதீர்கள். வேறெதுவும் நான் கேட்கவில்லை.

அவரைக் கடைசியாகப் பார்த்தது போன மாதம். ஜெயந்தனும் வந்தார். மிஸ்ரர் யன்னலோரம் கதிரையில் இருந்தார். என்னைத் தெரியவில்லை, ஜெயந்தனையும் தெரியவில்லை. வெளியையே பார்த்துக்கொண்டிருந்தவர், ஜெயந்தன் தண்ணீர் கொடுக்கக் குனிந்தபோது அவருடைய தலையில் தழும்பைக் கண்டார். விரலால் அதைத் தடவினார். முகம் மாறியது. மைதானத்தில் எங்களை ஏசுகிற அதே குரல் வந்தது.

"யார் உன்னை ஆடவிட்டது?"

"நீங்கள் விடேல்லை மிஸ்ரர்" என்று ஜெயந்தன் தமிழிலேயே சொன்னார். பிறகு ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னார்.

மிஸ்ரர் யோசித்தார். "நல்லது" என்றார். யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, யாருக்கும் சொல்வது போலில்லாமல், "என்னை விட்டார்கள்" என்றார்.

அவர் கற்றுத் தந்த ஆட்டம் என் காலில் இப்போது இல்லை. அவருடைய படமும் என்னிடம் இல்லை. நான் வைத்திருப்பது அந்த இரண்டு சொற்களைத்தான்.