நாய் விரட்டும் உத்தியோகம்

எனக்குத் தேவாலயத்தில் ஓர் உத்தியோகம் உண்டு. நாய் விரட்டுவது. சிரிக்க வேண்டாம், மானியத்தோடு கூடிய உத்தியோகம்.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் பல தேவாலயங்களில் வேலையோடு ஒரு துண்டு நிலத்தையும் எழுதிவைப்பார்களாம். விளைச்சல் வேலைக்காரருக்கு. ஆராதனை நேரத்தில் நுழையும் நாயைத் துரத்துபவருக்குக்கூட அப்படி நிலம் இருந்ததாம். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்க் கோயில் மேளகாரருக்கு மானியக் காணி இருந்த மாதிரித்தான். காலப்போக்கில் வேலை செத்துவிடும், வருமானம் சாகாது.

கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் தமிழ் ஆராதனை நடக்கும் பழைய தேவாலயத்துக்கும் யாரோ ஒரு சீமாட்டி இந்த வேலையை எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். நிலமில்லை, வங்கியில் போட்டுவைத்த பணம். வட்டியை வாங்குபவர் அதை மண்டபத்தைச் சூடாக்கும் ஹீற்றர் செலவுக்குக் கொடுத்துவிடுவது வழக்கம். ஒரே நிபந்தனை, வருடத்தில் ஒரு முறையாவது சாட்சியோடு ஒரு நாய் வெளியேற்றப்பட வேண்டும். தவறினால் பணம் வேறு கோயிலுக்குப் போய்விடும், நாங்கள் குளிரில் விறைக்க வேண்டியதுதான்.

முன்பு விரட்டிய வெள்ளைக்காரர் முதியோர் இல்லத்துக்குப் போனதும் போதகர் என்னைப் பிடித்தார்.

“அண்ணை, உங்களுக்கு நாயெண்டாப் பயமோ?”

“ஓம், நல்லாப் பயம்.”

“அப்ப நீங்கள்தான் சரி. மற்றவையெல்லாம் வீட்டில நாய் வளர்க்கினம், விரட்டமாட்டினமாம்.”

வருடம் முழுக்க வாசலில் நின்றேன். ஒரு நாய் வரவில்லை. இந்த ஊரில் எந்த நாய் தன் பாட்டில் தெருவில் திரிகிறது? டிசம்பர் கடைசி ஞாயிறு, பக்கத்து வீட்டுக்காரி தன் நாயை இரவல் தந்தார். ஸ்வெட்டரும் நாலு காலுக்கும் சப்பாத்துமாக அது நடு மண்டபத்தில் வந்து இருந்தது. சாட்சிக்கு வந்த வக்கீல், ஓர் இளம் பிள்ளை, பேனாவைத் திறந்தாள்.

நான் எங்கள் ஊர் வித்தையைக் காட்டினேன். குனிந்து கல் எடுக்கிற மாதிரிப் பாவனை செய்தேன். யாழ்ப்பாணத்து நாயென்றால் கை நிலத்தைத் தொடுமுன் அடுத்த ஒழுங்கையில் நிற்கும். இது பந்து எறியப் போகிறேன் என்று நினைத்துவிட்டது. வாலை ஆட்டிக்கொண்டு பாய்ந்து வந்து என் முகத்தை நக்கியது.

ஓடினேன். கதவைத் தள்ளிக்கொண்டு, படியிறங்கி, பனிக்குள் விழுந்து எழும்பி ஓடினேன். நாயும் பின்னால் வந்தது. கார் கூரையில் ஏறி இருந்து, ஹீற்றர் போச்சுது, மானமும் போச்சுது என்று அழாக்குறையாகப் பார்த்தேன்.

வக்கீல் பிள்ளை வாசலில் நின்று சீமாட்டியின் உயிலை வாசித்தாள்.

“அங்கிள், நாய் வெளிய போகவேணும் எண்டுதான் இருக்கு. ஆர் முன்னுக்கு ஓடவேணும் எண்டு இல்லை.” கையெழுத்து வைத்தாள்.

அடுத்த ஞாயிறு, புது வருடத்தின் முதல் ஆராதனைக்கு, மண்டபம் கதகதவென்று இருந்தது. ஹீற்றருக்குப் பக்கத்தில், எல்லாருக்கும் முன்பே, அந்த நாய் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இந்த வருடத்து விரட்டலுக்கு இன்னும் நிறைய நாள் இருக்கிறதென்று சொல்லிவிட்டு, நான் கடைசி வாங்குப் பலகையில் போய் இருந்தேன்.