ஆறிலிருந்து ஏழு வரை

மைசூரில் பத்தாவது தேறினாலே காலேஜ்தான். பதினொன்றாம் வகுப்பு என்று யாரும் சொல்வதில்லை, பி.யூ.சி. பத்து வருடம் கன்னடத்தில் படித்துவிட்டு நான் சயின்ஸ் எடுத்திருந்தேன். அங்கே எல்லாமே இங்கிலீஷ். காலேஜ் திறக்க ஒரு மாதம் இருந்தது. அந்த மாதம் முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் வாசலுக்குப் போகத் தோன்றும். புது ஃபிசிக்ஸ் புத்தகத்தைத் திறப்பேன், முதல் பக்கத்திலேயே நாலு வார்த்தை புரியாது, மூடிவிடுவேன். முதல் நாளே லெக்சரர் என்னை எழுப்பிக் கேள்வி கேட்கப்போகிறார், வகுப்பே சிரிக்கப்போகிறது என்று பயந்து செத்தேன்.

இதற்கு வைத்தியம் சொன்னவர் மாமா, அம்மாவின் தம்பி. ஊர் ஓரத்து ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியன். இன்ஜினியர்களுக்கு நடுவில் ஏணியைத் தூக்கிக்கொண்டு அலைந்ததில் இங்கிலீஷ் தன்னாலேயே ஒட்டிக்கொண்டது என்பது அவருடைய எண்ணம். தினமும் சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை வீட்டில் இங்கிலீஷ் மட்டும்தான் என்று சட்டம் போட்டார்.

"நடுவுல ஒரு வார்த்தை தமிழோ கன்னடமோ காதுல வுழுந்துச்சு, அன்னிக்குப் படிச்சதெல்லாம் போயிரும். அக்கா, உனக்குந்தான் சொல்றேன்."

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆகவே ஆறு மணி ஆனதும் வாயை மூடிக்கொள்வாள். பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டால்கூட, ஏழு மணிக்கு வா என்று விரலைக் காட்டுவாள். சட்டம் போட்ட மாமாவோ, டீ ஆறிப்போனால் தமிழுக்கு வந்துவிடுவார். படித்ததெல்லாம் போய்விடும் என்று அவர் சொன்னதை நானும் நம்பவில்லை.

ஒரு நாள் மாமாவுக்கு இரண்டாம் ஷிஃப்ட். அதிகாரம் என் கைக்கு வந்தது. கூடத்தில் நடந்துகொண்டே என்னை நானே வகுப்புக்கு அறிமுகம் செய்துகொண்டிருந்தேன். மூன்று வாக்கியம் தாண்டினால் நாக்கு ஒட்டிக்கொண்டது. மறுபடி முதலிலிருந்து. மணி ஆறே முக்கால் இருக்கும். அடுப்படியில் ஏதோ விழுந்தது. அம்மா வேகமாக வந்து வலது கையை என் முன்னால் நீட்டினாள். நாலாவது வாக்கியம் அப்போதுதான் வாய்க்கு வந்திருந்தது. அது போய்விட்ட எரிச்சலில் கையைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்து, "டெல் இன் இங்கிலீஷ்!" என்று அதட்டினேன்.

அவள் அடுப்படிக்குத் திரும்பிப் போனாள்.

ஏழு மணிக்குத் தண்ணீர் குடிக்கப் போனேன். அம்மா குடத்துக்குள் கையை விட்டபடி நின்றிருந்தாள். வெளியே எடுத்தபோது முழங்கை வரை சிவந்து, மணிக்கட்டில் கொப்புளம் எழும்பியிருந்தது.

"கஞ்சி வடிக்கையில கொட்டிருச்சு கண்ணு," என்றாள்.

"வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?" என்று கத்தினேன்.

"சொன்னா நீ படிச்சதெல்லாம் போயிருமில்ல?"

மருந்தைத் தேடி அலமாரியைக் கலைத்தேன். அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. மாமா போகிறபோக்கில் அளந்ததையெல்லாம் நம்பிக்கொண்டு கால் மணி நேரம் இப்படி நிற்பாளா, என் அம்மா இவ்வளவு அசடா என்றுதான் அன்று எனக்குத் தோன்றியது. வேறெதுவும் தோன்றவில்லை.