அப்பாவை எந்தச் சலாகையில் போடுவது

இந்த நாட்டில் ஆஸ்பத்திரிக்குப் போனால் எங்கே நோகுது என்று முதலில் கேட்கமாட்டார்கள். உன் மொழி என்ன என்று கேட்பார்கள். நோர்வேக்கு வந்த புதிதில் எனக்கு அது பெரிய மரியாதையாகத் தெரிந்தது. கொழும்பில் இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் நாங்கள் அடையாள அட்டையைத் தேடுவோம். இங்கே மொழியைச் சொன்னால் தொலைபேசியில் ஒரு 'தொல்க்' வருவார், அதாவது மொழிபெயர்ப்பாளர். அதற்குக் காசும் எடுக்கமாட்டார்கள். நல்ல நாடு. இந்த நல்ல நாட்டில்தான் என் அப்பா தன் நோவைச் சொல்லாமல் செத்தார்.

நான் அப்பா கிடந்த ஆஸ்பத்திரியிலேயே புள்ளிவிபரப் பகுதியில் வேலை செய்கிறேன். எத்தனை பேர் வந்தார்கள், என்ன மொழி பேசினார்கள் என்பதையெல்லாம் ஒரு சாஃப்ட்வெயரில் போட்டு, மேலே உள்ளவர்களுக்கு வரைபாகக் காட்டுவது என் வேலை. ஊரிலும் இப்போது நிறையப் பிள்ளைகள் இதைப் படிக்கிறார்கள். எந்த நிறம் நல்லது, எந்தப் பொத்தானை அமத்துவது என்று எனக்கு எழுதிக் கேட்கிறார்கள். அதையெல்லாம் வீடியோவில் பாருங்கள். நான் சொல்வது வேறு. வரைபு போடுவதற்கு முன் அட்டவணைப் பத்தியில் கிடக்கிற ஒவ்வொரு சொல்லையும் உங்கள் கண்ணால் வாசியுங்கள். சாஃப்ட்வெயருக்குப் புத்தி கிடையாது. எங்கள் மொழிப் பத்தியில் தமிழ் என்பது தமிழ் என்றும், நோர்வே மொழியில் 'தமில்ஸ்க்' என்றும், ஸ்ரீலங்கா என்றும், சிலோன் என்றும் கிடந்தது. சாஃப்ட்வெயர் அவ்வளவையும் தனித்தனி மொழி என்று எடுத்துக்கொண்டது. வரைபில் எல்லாம் சின்னச் சின்னச் சலாகை, அதாவது நிமிர்ந்து நிற்கிற பட்டை. சின்னச் சலாகைகளைத் தானாகவே அள்ளி 'ஆந்த்ரே' என்ற ஒரே சாம்பல் நிறச் சலாகைக்குள் போட்டுவிட்டது. ஆந்த்ரே என்றால் மற்றவர்கள். சிங்களம் ஒரே மாதிரி எழுதப்பட்டதால் தனிச் சலாகையாகத் தப்பிவிட்டது.

என் மேலாளர் கியெலிடம் இதைக் கொண்டுபோய்க் காட்டினேன். "படம் சுத்தமாக இருக்கிறது, விடு" என்றார். எங்களை அள்ளி ஒரு மூலையில் போட்டால் அவருக்குச் சுத்தம். அந்தச் சுத்தமான படத்தைப் பார்த்துத்தான், கூப்பிட்டவுடன் வருகிற தமிழ் தொல்க் இனித் தேவையில்லை, வேண்டுமென்றால் முன்கூட்டியே பதிவு செய்யட்டும் என்று மேலே முடிவெடுத்தார்கள். மற்றவை என்ற சலாகையைக் கண்டால் உடைத்துப் பாருங்கள். நான் உடைத்துக் காட்டியும் யாரும் பார்க்கவில்லை.

அம்மா போனபிறகு அப்பாவை இங்கே எடுத்தேன். கொட்டாஞ்சேனையில் பிறந்து, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் சரக்குக் கம்பனியில் கிளார்க்காக இருந்தவர். வீட்டுக்குள் அவர் வாய் மூடாது. மாதா கோயில் மணியைவிட அப்பாவின் சிரிப்புத்தான் எங்கள் ஒழுங்கைக்குக் கூடக் கேட்கும். வாசலைத் தாண்டினால் வேறு ஆள். சின்ன வயதில் வெள்ளவத்தையில் மாமி வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது காலி வீதியில் சோதனைச் சாவடி ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்குவார்கள். அப்பா அடையாள அட்டையை நீட்டிக்கொண்டே சிங்களத்தில் பகிடி விடுவார். ஆமிக்காரனும் சிரித்து "ஹரி மாத்தயா, யன்ன" என்று போகச் சொல்லுவான். பஸ்ஸில் திரும்ப ஏறும்போது அவருடைய சேர்ட் முதுகோடு ஒட்டிக் கிடக்கும். "அப்பா, தண்ணி விடாய்க்குது" என்று ஒருமுறை கேட்டேன். "வீட்டை போய்க் கதைப்பம் மகள்" என்றார். அவ்வளவுதான். தண்ணீரைக்கூடத் தமிழில் கேட்கக் கூடாது.

வயிற்றுக்குள் கட்டி என்று இங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, வெள்ளை உடுப்புப் போட்ட தாதி ஆங்கிலத்தில் மொழியைக் கேட்டாள். அப்பா கதிரையில் நிமிர்ந்து இருந்தார். "சிங்களா. வெரி குட் சிங்களா" என்றார்.

"அப்பா, என்ன விசர்க் கதை? தமிழ் எண்டு சொல்லுங்கோ."

"சும்மா இரு மகள். யூனிபோம் போட்டவையிட்டை அதைச் சொல்லக் கூடாது."

"இது கொழும்பில்லை அப்பா."

"எல்லா இடமும் கொழும்புதான்."

அவருடைய மொழி தமிழ் என்று நான் தாதியிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தாள். நோயாளி சொல்வதைத்தான் எழுதுவோம், சொந்தக்காரர் சொல்வதை எடுக்கமாட்டோம் என்றாள். எனக்கு அவளை அறையவேண்டும் போல இருந்தது. சட்டம் நல்ல சட்டம்தான்.

பிறகு ஒவ்வொரு நாளும் தொலைபேசியில் ஒரு சிங்களப் பெண்ணின் குரல் வந்தது. நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் கேட்டாள். நோவுக்குப் பத்துக்கு எத்தனை கொடுப்பீர்கள் என்று கேட்பாள். அப்பாவின் சிங்களம் பஸ்ஸுக்கும் கந்தோர் வேலைக்கும் படித்த சிங்களம். அதில் உடம்பு இல்லை. எதைக் கேட்டாலும் "ஹொந்தாய் நோனா, ப்ரஸ்னயக் நே" என்பார். நல்லம், பிரச்சினை இல்லை. தாதி சைபர் என்று எழுதுவாள். அவள் போனதும் என் கையைப் பிடித்து, "உள்ளுக்குள்ள ஆரோ கப்பல் கயிறு முறுக்கிற மாதிரி இருக்கு மகள்" என்பார். நான் ஓடிப்போய்ச் சொன்னால் திரையைத் திருப்பிக் காட்டுவார்கள். அப்பாவின் நோவுக்கான கோட்டு வரைபு. தரையோடு தரையாக நேராகக் கிடக்கும். இதையும் படித்துக்கொள்ளுங்கள்: சைபர் என்று ஒரு கோடு கிடந்தால், அந்தச் சைபரை யார் சொன்னது, யாருக்குப் பயந்து சொன்னது என்று கேளுங்கள். சாஃப்ட்வெயர் அதைக் கேட்காது.

சண்டை பிடித்துத்தான் தமிழ் தொல்க் ஒருவரைப் பதிவு செய்வித்தேன். அந்த நாள் வந்தபோது அப்பா கண்ணைப் பாதிதான் திறந்தார். டாக்டர் தொலைபேசியைக் கட்டிலில் வைத்துச் சத்தத்தைக் கூட்டினார். யாழ்ப்பாணத்துப் பெண் குரல்.

"வணக்கம் ஐயா. எங்கை நோகுது, சொல்லுங்கோ ஐயா."

அந்த அறை முழுக்கத் தமிழ் கேட்டது. அப்பாவின் கண் டாக்டரிடம் போய், தாதியிடம் போய், என்னிடம் வந்தது.

"சத்தத்தைக் குறை மகள்" என்றார்.

அப்பா என்ன சொல்கிறார் என்று டாக்டர் கேட்டார். தொல்க் ஒழுங்காக மொழிபெயர்த்தாள். தொலைபேசியின் சத்தம் அதிகமாக இருக்கிறதாம் என்றாள். டாக்டர் மன்னிப்புக் கேட்டுக் குறைத்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் எந்த மொழியிலும் கதைக்கவில்லை.

செத்தவீடு முடிந்து வேலைக்குத் திரும்பியதும் யாரையும் கேட்காமல் மொழிப் பத்தியைத் துப்புரவாக்கினேன். சிலோன், ஸ்ரீலங்கா என்று எழுதியிருந்தவர்களை ஒவ்வொருவராக விசாரித்து, தமிழர் என்று தெரிந்தவர்களை ஒன்றாகச் சேர்த்தேன். ஆந்த்ரேயை இல்லாமல் செய்தேன். தமிழ்ச் சலாகை எழும்பி நின்றது. கியெல் என் மேசைக்கு வந்து திரையைப் பார்த்தார். "உன் அப்பாவையும் தமிழுக்கு மாற்று. உனக்குத்தானே உண்மை தெரியும்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் சிங்களம் என்பது அப்பா தன் வாயால் சொன்ன பதில். கடைசிவரைக்கும் எங்களைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துச் சொன்னது. என்னால் அதில் கை வைக்க முடியவில்லை. சிங்களம் என்ற கட்டைச் சலாகைக்குள் அவர் இருக்கிறார்.

போன மாதம் தோள்மூட்டு நோவுக்கு நானும் அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். முன்மேசையில் இருந்த பெண் மொழியைக் கேட்டாள். வாய் தன்பாட்டில் "நோர்ஸ்க்" என்றது. அதனால் நான் நோர்வேக்காரரின் நீளச் சலாகைக்குள் எங்கேயோ நிற்கிறேன். தமிழ்ச் சலாகை இப்போது எல்லோருக்கும் தெரிகிற உயரத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டு ஆட்கள் ஒருவரும் அதில் இல்லை.